ஸ்பானிய மொழியில் கத்திய அப்பா

இந்த நாட்டில் குப்பையைக் கழுவிப் போடுகிறார்கள். லண்டனுக்கு வந்த புதிதில் நான் மிரண்டுபோனது இதைப் பார்த்துத்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர் செவ்வாய்க்கிழமை காலையில் தகர டப்பா, ஜாம் போத்தல், பால் போத்தல் எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியால் ஈரம் ஒற்றி எடுத்து, அதற்கென்று இருக்கும் பெட்டியில் அடுக்குவார். இலங்கையில் ஹற்றன் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பத்துக் குடும்பத்துக்கு ஒரு தண்ணீர்ப் பீலி. அதிலும் பங்குனி மாதத்தில் நூல் மாதிரித்தான் தண்ணீர் விழும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்க நேரமாகிறதே என்று தவித்த எங்கள் அம்மா இந்தப் பெரியவரைப் பார்த்திருந்தால், பாவம் மண்டை குழம்பிவிட்டது என்று ஒரு தேங்காய் உடைத்திருப்பார். இப்போது நானும் கழுவுகிறேன். கழுவாமல் போட்டால் பெட்டியை எடுக்காமல் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

பழைய சினிமாப் படங்களையும் இவர்கள் இப்படித்தான் கழுவுகிறார்கள். எங்கோ பெட்டியில் கிடந்த சுருளை எடுத்து, கீறலைத் துடைத்து, இருட்டை வெளுத்து, சத்தத்தைத் தனித்தனியாகப் பிரித்து, பளபளக்கும் வட்டில் ஏற்றி, 'புதுப்பிக்கப்பட்ட பதிப்பு' என்று தங்க நிறத்தில் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டி, சூப்பர்மார்க்கெட்டில் வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள். நான் வேலை செய்யும் கிடங்கில் கீத் என்று ஒருவன். நல்லவன்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் இடைவேளையில் அப்படியொரு வட்டை என் முன்னால் வைத்தான். "உன்னுடைய நாட்டில் எடுத்த சண்டைப்படம். வாலிபத்தில் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. இப்போது சுத்தம் பண்ணி விட்டிருக்கிறார்கள். அந்த மலைகள் என்ன அழகு தெரியுமா?" என்றான். அட்டையில் சட்டையில்லாத கதாநாயகன் இரண்டு கையிலும் துப்பாக்கியோடு நின்றான். அவனுக்குப் பின்னால் ஒரு மலை, அதன் சரிவில் ஆடு படுத்திருப்பதுபோல ஒரு கருங்கல் பாறை. படத்தின் பெயரைப் படிப்பதற்கு முன்னாலேயே பாறையைத் தெரிந்துவிட்டது. அதன் கீழேதான் நாங்கள் குடியிருந்த வரிசை வீடு, எங்கள் லயம், இருந்தது. இருந்தது என்று சொன்னதைக் கவனியுங்கள்.

இந்தப் படத்தைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இங்கே வந்து சேர்ந்தவர்களுக்குத்தான் சொல்கிறேன். தமிழ்க்கடையில் அரிசி வாங்கும்போது "நீங்கள் எவடம்?" என்று கேட்கிறார்கள். ஹற்றன் என்றால், "அப்ப நீங்கள் இந்தியாவே?" என்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தோட்டத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு சினிமாக் கோஷ்டி வந்தது. அவர்கள் படத்தின் கதை தென்னமெரிக்காவில் ஒரு நாட்டில் நடக்கிறது. போதைப்பொருள் விற்கும் ஒரு கொடியவன், அவனிடம் அடிமையாகக் கிடக்கும் கிராமத்து மக்கள், அவர்களை ஒற்றை ஆளாக வந்து மீட்கும் வெள்ளைக்காரன். உண்மையான தென்னமெரிக்கா அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை போலும். எங்கள் தேயிலை போதைச்செடியாக நடித்தது. நாங்கள் அடிமைகளாக நடித்தோம். அதற்குப் பெரிதாகப் பயிற்சி ஒன்றும் கொடுக்கவில்லை.

பெண்களுக்கு ஓலைத்தொப்பி கொடுத்தார்கள். கூடையை இறக்கிவிட்டுச் சாக்கைக் கொடுத்தார்கள். பொட்டை அழிக்கச் சொன்னார்கள், மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். அம்மாவின் மூக்குத்தி கல்யாணத்துக்குப் போட்டது, கழலவில்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து, முகத்தைத் திருப்பிப் பிடித்து, ஏதோ பசையை அப்பி மூக்குத்தியை மூடினாள். மாட்டுக்கு மருந்து தடவுகிறவர்கள்கூட முதலில் மாட்டைத் தட்டிக் கொடுப்பார்கள். அம்மா அதை ஒரு வேடிக்கையாகவே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அன்றும் சிரிப்பு வரவில்லை, இன்றும் வரவில்லை.

விஷயம் மூக்குத்தி அல்ல. கதையின் முடிவில் கொடியவனின் ஆட்கள் கிராமத்துக்குத் தீ வைக்கவேண்டும். அதற்கு எங்கள் லயம் தேவைப்பட்டது. குடும்பத்துக்கு ஒரு அறையாகப் பத்துக் காம்பரா உள்ள பழைய லயம், தகரக் கூரை. அப்பாதான் அப்போது தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். தோட்டத்தை நடத்தும் தொரை அவரைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு, சினிமாக்காரர்களுக்கு மொழிபெயர்க்க வந்த கொழும்பு ஆளை வைத்துக்கொண்டு பேசினார். லயத்துக்குத் தீ கிடையாது, புகை மட்டும்தான். லயத்துக்கு முன்னால் ஓலையில் ஒரு பொய்ச்சுவர் கட்டிக் கொளுத்துவார்கள், புகை யந்திரம் வைப்பார்கள், கட்டிடத்தைத் தொடமாட்டார்கள். பதிலுக்குக் கூரைத் தகரம் முழுவதையும் மாற்றித் தருவார்கள். அப்பா வந்து கோவிலடியில் எல்லோரையும் கூட்டிச் சொன்னார்.

"பொகை மட்டுந்தான். சாமான் சட்டியெல்லாம் உள்ளயே இருக்கட்டும். ஒரு பகல் மட்டும் நாம வெளிய நிக்கணும். நாந்தான் பேசியிருக்கேன், என் பேர்ல நம்புங்க."

அடுத்த காம்பராவில் இருந்த பெருமாள் மாமா ஒருவர்தான் கேட்டார்: "தலைவரே, பொட்டிய மட்டுமாச்சும் எடுத்து வச்சிக்கிருவமா?"

பெட்டி என்று அவர் சொன்னது தகரப் பெட்டி. மலையகத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அப்படியொரு பெட்டி இருந்தது. பணமோ நகையோ அதில் இருக்காது. பிரஜாவுரிமைப் பத்திரமும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கும். நாடற்றவர்கள் என்று எழுதி வைத்திருந்த எங்களை நாடுள்ளவர்கள் என்று சொல்லும் காகிதங்கள். அதற்காகத் தாத்தா காலத்திலிருந்து அரசாங்கக் கச்சேரி கச்சேரியாக அலைந்திருக்கிறோம். அந்தப் பெட்டியை வீட்டில் சாமிப்படத்துக்குப் பின்னால்தான் வைப்போம். வெள்ளம் வந்தாலும், ஊரில் கலவரம் என்று காட்டுக்குள் ஓடினாலும் முதலில் அதைத்தான் தூக்குவோம். அன்றைக்கு மட்டும் தூக்கவில்லை. "சாமிக்குப் பின்னால இருக்கு, எங்க போயிரும்?" என்று அப்பா சிரித்தார். தலைவர் சொல்லிவிட்டார், பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. எங்கள் பெட்டியும்தான்.

மறுநாள் மத்தியானம் எங்களையும் மற்ற லயத்து ஆட்களையும் மேல் ரோட்டுக்கு ஏற்றினார்கள். ரோட்டின் ஓரத்தில் ஒரு கயிறு கட்டினார்கள். சாதாரணத் தும்புக் கயிறு, ஆட்டைக்கூடக் கட்டிப்போட முடியாத கயிறு. அதற்குப் பின்னால் நிற்கச் சொன்னார் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா. நின்றோம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று நின்று எங்கள் காலுக்கு அது பழகிப்போயிருந்தது. நில் என்றால் நிற்போம், போ என்றால்தான் போவோம். கீழே சொன்னபடியே புகை யந்திரம் ஓடியது. லயமே தெரியாத அளவுக்குப் புகை. கொஞ்ச நேரத்தில் புகைக்குள் சிவப்பாகத் தெரிந்தது. பொய்ச்சுவர் எரிகிறது என்று நினைத்தோம். தகரம் வெடிக்கும் சத்தம் கேட்டபோதுதான் அது பொய்ச்சுவர் இல்லையென்று புரிந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சினிமாக்காரர்கள் அந்த அழுகையையும் ஒரு கேமராவில் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது பதினாறு வயது. நானும் கயிற்றுக்குப் பின்னால்தான் நின்றேன்.

அப்பா அங்கே எங்களோடு இல்லை. தலைவர் என்பதால் கீழே சினிமாக்காரர்களோடு நிற்க விட்டிருந்தார்கள். புகைக்குள் அவர் எங்கே நின்றார், என்ன செய்தார் என்று மேலேயிருந்து யாருக்கும் தெரியவில்லை. பொழுது சாய அவரை ஒரு ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர் உடம்பில் ஒரு புது சுவெட்டர். சாம்பல் நிறம், நல்ல கனம், முதுகில் படத்தின் பெயர் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. சினிமாக்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்டிருந்த அதே சுவெட்டர். பத்துக் குடும்பமும் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் அதைப் போட்டுக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"என்னைய இழுத்து அடிச்சானுங்க. சட்டையக் கிழிச்சிட்டு இதைக் குடுத்தானுங்க. நா தடுத்தேன், கேக்கல" என்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைப் பிறகு பதினைந்து வருடமாகச் சொன்னார்கள். சுவெட்டருக்கு லயத்தை விற்றவன் என்றார்கள். சுவெட்டர் தலைவர் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அப்பாவும் லேசுப்பட்ட ஆளில்லை. வீம்பு பிடித்தவர். வேறு யாராவது என்றால் அதைக் கழற்றி அடுப்பில் போட்டிருப்பார்கள். அவர் அதையே தினமும் போட்டார். "தப்பு செஞ்சவன்தான் கழட்டணும். எனக்குக் குளிருது, போடுறேன்" என்பார். அடுத்த தேர்தலில் தலைவர் பதவி போனது. கோவில் திருவிழாவில் முதல் விபூதி போனது. சுவெட்டர் மட்டும் முழங்கையில் ஓட்டை விழும்வரை இருந்தது.

எங்களைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவில் கொண்டுபோய்த் தங்கவைத்தார்கள். பிறகு தகரக் கொட்டில் கட்டித் தந்து தற்காலிகம் என்றார்கள். நான் ஊரை விட்டுப் போன பிறகும் சேர்த்து, எங்கள் ஆட்கள் எட்டு வருடம் தற்காலிகமாக இருந்தார்கள். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். காகிதம் போனதுதான் தாங்கவில்லை. பெருமாள் மாமாவின் மகன் செல்வம் கொழும்பில் கடை வேலைக்குப் போனான். சண்டை நடந்த காலம், வீதிக்கு வீதி சோதனைச்சாவடி. அடையாள அட்டை எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழின் பிரதி எடுக்கப் பதிவு இலக்கம் வேண்டும், இலக்கம் இருந்தது எரிந்துபோன காகிதத்தில். அட்டையில்லாத தமிழ்ப் பையன் என்று பிடித்துக்கொண்டு போனவர்கள் ஏழு மாதம் கழித்து விட்டார்கள். போனவன் வேறு, வந்தவன் வேறு. அதற்குப் பிறகு செல்வம் யாராவது கதவைத் தட்டினால் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். பெருமாள் மாமா அன்றிலிருந்து எங்கள் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை நான் எப்படிக் குற்றம் சொல்வேன்?

படம் வெளிவந்து, கசெட் ஹற்றன் கடைக்கு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுத்து வந்து தோட்டத்துக் கிளப்பில் போட்டார்கள். எத்தனையாவது கொப்பியோ தெரியாது. முகங்களெல்லாம் அவித்த கிழங்கு மாதிரி இருந்தன. பகலில் எடுத்த தீயை இரவு என்று காட்ட இருட்டாக்கி இருந்தார்கள். அந்த இருட்டில் எங்கள் லயம் எரிந்தது. எரியும் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், ஒரு உருவம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தது. நாலைந்து பேர் வந்து அதைக் கட்டிப்பிடித்தார்கள். கையைத் தூக்கும் தினுசைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆளைத் தெரிந்துவிட்டது. "அந்தா, சுவெட்டர் தலைவரு டான்ஸ் ஆடுறாரு" என்று யாரோ சொல்ல, கிளப் முழுவதும் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்று ஏச்சு ஆரம்பித்தது. வீடு எரியும்போது அதற்கு முன்னால் நின்று நடித்திருக்கிறானே, இவன் மனுசனா? அப்பா எழுந்து நின்று, "டேய், நா நடிக்கலடா" என்றார். யாருக்கும் கேட்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணால் பார்த்தது அந்தக் கசெட்டைத்தான். நானும் நம்பவில்லை.

அடுத்த வருடமே தோட்டத்தை விட்டுப் போனேன். வேலைக்கென்று கொழும்பு, கொழும்பிலிருந்து எப்படியெப்படியோ லண்டன். வறுமையால் வந்தேன் என்றுதான் இங்கே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பாதி பொய். சுவெட்டர் தலைவர் மகன் என்று என்னைக் கூப்பிடாத ஓர் ஊர் எனக்கு வேண்டியிருந்தது.

இப்போது கீத் கொடுத்த வட்டுக்கு வருகிறேன். சனிக்கிழமை மத்தியானம் தனியாக இருந்து போட்டேன். ஐந்து ஒலிபெருக்கி வைத்த செட் என்னிடம் உண்டு, அந்த ஆடம்பரத்தை ஒப்புக்கொள்கிறேன். கழுவிய படம் கண்ணைக் கூசுகிறது. கொழுந்து கொழுந்தாகத் தேயிலை தெரிகிறது. அம்மாவின் மூக்கில் அப்பிய பசை வெயிலில் வெடித்து, உள்ளே மூக்குத்தி மினுங்குவது தெரிகிறது. தீ வைக்கும் கட்டம் வந்தது. இருட்டை வெளுத்துவிட்டிருந்ததால் எல்லாம் தெரிந்தது. ஒரு ஆள் மண்ணெண்ணெய் டின்னோடு இஸ்தோப்பில் ஏறுகிறான். அப்பா ஓடிவந்து வாசலை மறித்துக்கொண்டு இரண்டு கையையும் விரிக்கிறார். டின்னைத் தட்டிவிடுகிறார். நாலு பேர் அவரைப் பிடித்து இழுக்கிறார்கள். கட்டிப்பிடிப்பது என்று நாங்கள் நினைத்தது கழுத்தை நெரிப்பது. சட்டை கிழிகிறது. ஒருவன் வயிற்றில் குத்துகிறான். சினிமாவில் குத்து வாங்குகிறவன் பறந்துபோய் விழுவான். அப்பா பறக்கவில்லை, அப்படியே மடங்கி உட்கார்ந்தார்.

சத்தத்தையும் பிரித்திருந்தார்கள் அல்லவா? முன்னால் இசையும் துப்பாக்கியும் வெடிக்க, பின்னால் இடதுபக்க ஒலிபெருக்கியிலிருந்து, என் சோபாவுக்குப் பின்னாலிருந்து, அப்பாவின் குரல் வந்தது. "பொகைதான்னு சொன்னீங்களேடா! பொகைதான்னுதானடா சொன்னீங்க! உள்ள காயிதம் இருக்குடா!" மூன்று தடவை. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். சுவர்தான் இருந்தது.

காதுகேளாதவர்களுக்கென்று கீழே எழுத்து ஓடும் வசதி உண்டு. அதைப் போட்டு மறுபடி பார்த்தேன். அப்பா கத்தும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தார்கள்: 'கிராமவாசி ஸ்பானிய மொழியில் கத்துகிறான்.'

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டீவியை உடைத்திருக்கவேண்டும். உடைக்கவில்லை, அதற்கு இன்னும் தவணை கட்டுகிறேன். வட்டில் இன்னொரு வசதியும் இருந்தது, இயக்குநரே படம் முழுவதும் பேசிக்கொண்டு வருவார். அந்த இடத்தில் அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "இதைப் பாருங்கள், இந்த மனிதர் ஒரு உள்ளூர்க்காரர். இப்படிச் செய்யச் சொல்லி நாங்கள் சொல்லவேயில்லை. அப்படியே நிஜம் மாதிரி இல்லை? அதனால்தான் வெட்டாமல் விட்டுவிட்டோம். கைவிடப்பட்ட குடிசைகள்தான் அவை, அந்த மக்களுக்குப் புது வீடு கிடைத்ததில் மகிழ்ச்சி." கைவிடப்பட்ட குடிசை. அதற்குள் பத்துச் சாமிப்படம் இருந்தது ஐயா. பத்துப் பெட்டி இருந்தது. செல்வத்தின் மூளை இருந்தது. என் அப்பா அடிபட்டதை அழகான காட்சி என்று பதினைந்து வருடம் விற்று, இப்போது கழுவி மறுபடியும் விற்கிறீர்கள்.

ஆனால் முழுக் கோபத்தையும் வெள்ளைக்காரன் தலையில் கொட்டிவிட்டு நான் கைகழுவ முடியாது. அப்பா மடங்கி உட்காரும் அதே சட்டகத்தில், மேலே, மலைக்குக் குறுக்கே ரோடு தெரிகிறது. ரோட்டோரத்தில் நாங்கள். வரிசையாக, ஆடாமல் அசையாமல், கயிற்றுக்குப் பின்னால் இருநூறு பேர். படத்தை நிறுத்தி வைத்துவிட்டு டீவிக்குக் கிட்டப்போய் என்னைத் தேடினேன். முகம் தெரியவில்லை, ஆனால் எல்லாக் காலும் தரையில் ஊன்றியிருப்பது நன்றாகத் தெரிந்தது. அந்தக் கயிற்றை நாங்கள் ஏன் தாண்டவில்லை என்று பதினைந்து வருடத்தில் ஒருவரும் ஒருவரைக் கேட்டதில்லை. அதைக் கேட்காமல் இருக்க எங்களுக்கு ஒரு சுவெட்டர் உதவியது. ஓடிப்போய் மறித்த ஒரே ஆளை விற்றவன் ஆக்கிவிட்டால், நின்ற இருநூறு பேரும் ஏமாந்தவர்கள் ஆகிவிடலாம். எவ்வளவு வசதி!

திங்கட்கிழமை கீத்திடம் சொன்னேன், அந்த இடத்தில் வருகிறவர் என் அப்பா என்று. அவன் முகம் மலர்ந்துவிட்டது. "உன் அப்பா நடிகரா? சொல்லவேயில்லையே!"

"நடிக்கவில்லை. உண்மையிலேயே அடிக்கிறார்கள்."

"அதுதான், அவ்வளவு இயல்பாக இருக்கிறது" என்று என் தோளில் தட்டினான். மத்தியானத்துக்குள் கிடங்கு முழுவதும் நான் சினிமா நட்சத்திரத்தின் மகன் ஆகியிருந்தேன். இரண்டு பேர் வந்து கைகொடுத்தார்கள். நான் கொடுத்தேன். அதை எந்த ஆங்கிலத்தில் விளக்குவது?

அன்று சாயந்தரம் அப்பாவுக்கு போன் எடுத்தேன். அவர் இப்போது தங்கச்சி ராணி வீட்டில், அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். "அப்பா, அந்தப் படத்த இப்ப தெளிவாப் போட்டிருக்காங்க. நா பாத்தேன். உங்கள அடிக்கிறது தெரியுது. நீங்க கத்துறது கேக்குது" என்றேன். அழுதேனோ என்னவோ. மறுபக்கம் ரொம்ப நேரம் இருமல் சத்தம்.

"நா சொன்னப்ப நீ நம்பல."

"இல்லப்பா..."

"அம்மா செத்த அன்னிக்கும் போன்ல சொன்னேன். அப்பயும் நீ, சரி விடுங்கப்பான்னு சொன்ன. இன்னிக்கு வெள்ளக்காரன் தொடச்சிக் காட்டுனதும் நம்புற. நல்லா இரு." போனை வைத்துவிட்டார்.

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அப்பாவின் வாய்ச்சொல் எனக்குப் போதவில்லை. அவரை அடித்தவனின் கேமரா வந்துதான் எனக்குச் சாட்சி சொல்லவேண்டியிருந்தது. அதற்காகவே இன்னும் பிடிவாதமாக அந்த வட்டில் இன்னொன்றை வாங்கித் தங்கச்சிக்கு அனுப்பினேன். லயம் முழுவதையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டு, பெருமாள் மாமாவைக் கட்டாயம் கூப்பிடு என்றேன். அப்பா வேண்டாம் என்றாராம். அவரைக் கேட்காதே என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். எனக்கு மத்தியானம், அங்கே பொழுதுசாயும் நேரம். நான் போனில் இருந்தேன். கதிரை இழுக்கும் சத்தம், பிள்ளைகளின் சத்தம், தகரத்தில் மழை. பிறகு ராணியின் குரல்: "படம் வரலண்ணே. நீலமா நிக்கிது. இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருக்கு." அவள் மகள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். வாசித்து முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. உலகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு இலக்கம் போட்டிருக்கிறார்கள். இங்கே விற்கும் வட்டு இங்கேதான் ஓடும். கொழும்பில் எல்லா வட்டையும் ஓட்டும் மெஷின் இருக்கிறதாம், ராணியின் மெஷின் அந்த ஜாதி இல்லை.

பெருமாள் மாமாவின் குரலை அடையாளம் கண்டேன். "நம்ம லயத்தக் கொளுத்தி எடுத்த படம் நம்ம ஊருல ஓடாதாமா?" அப்பா ஒன்றுமே நடக்காததுபோல, "சரி சரி, வந்தவங்களுக்குத் தேத்தண்ணி குடும்மா, குடிச்சிட்டுப் போகட்டும்" என்றார்.

"யாரும் போகாதீங்க" என்று நான் இங்கே கத்தினேன். "ராணி, போனை எல்லாருக்கும் கேக்குற மாதிரிப் போடு. சத்தத்தக் கூட்டி வையி." என் வட்டை ஓடவிட்டேன். அந்தக் கட்டத்துக்குக் கொண்டுபோனேன். முன்னாலிருக்கும் ஒலிபெருக்கிகளின் வயரைப் பிடுங்கினேன், இசை செத்தது, துப்பாக்கி செத்தது. சோபாவில் முழங்காலிட்டு, பின்பக்கத்து இடது ஒலிபெருக்கியில் போனை அழுத்திப் பிடித்தேன். "பொகைதான்னு சொன்னீங்களேடா!" என் வீட்டுச் சுவரெல்லாம் அதிர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் சுவரில் தட்டினார். நான் குறைக்கவில்லை. மூன்று தடவையும் முடியும்வரை, அப்பாவின் மூச்சு நின்று மடங்கும்வரை பிடித்திருந்தேன்.

பிறகு போனைக் காதில் வைத்தேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"ராணி, கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே. எல்லாருக்கும் கேட்டுச்சு."

"அப்பா?"

"எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. பெருமாள் மாமாவும் பின்னாடியே போனாரு. ரெண்டு பேரும் மழையில நிக்கிறாங்க."

"மாமா என்ன சொன்னாரு? முதல்ல கேட்டப்ப என்ன சொன்னாரு? மத்தவங்க என்ன சொன்னாங்க?"

அவள் யோசித்தாள். "எல்லாரும் ஒரேயடியாப் பேசுனாங்க. எனக்கு அழுகையில ஒன்னும் வெளங்கல. நீங்க லைன்லதானண்ணே இருந்தீங்க, உங்களுக்குக் கேக்கலயா?"

கேட்கவில்லை. போன் என் காதில் இல்லை. பதினைந்து வருடமாக நான் தெரிந்துகொள்ளவேண்டும் என்றிருந்தது அந்த அரை நிமிடத்தில்தான் அங்கே நடந்து முடிந்தது. பிறகு எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அப்பாவைக் கேட்டால், "மழையப் பத்திப் பேசிக்கிட்டு நின்னோம்" என்கிறார். அன்று என் வீட்டில் அப்பா கத்திக்கொண்டிருந்தார். அப்பா வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.